இடது தொடையும் சிறப்பு விருந்தினரும்

எட்டுப் பேரும் கோட்டில் வந்து நின்று, துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைக்கூடத் தூக்கிவிட்ட பிறகுதான் சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்பது யாருக்கோ நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கி ஒரு தரம் கீச்சென்று கத்திவிட்டு, "ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மகளிர் நூறு மீட்டர், சற்றுப் பொறுக்கவும். சிறப்பு விருந்தினர் அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீராங்கனைகளுக்குக் கைகொடுத்து வாழ்த்தியவுடன் ஓட்டம் ஆரம்பமாகும்" என்றது. வந்துகொண்டே இருக்கிறார் என்றால் இன்னும் வேட்டி கட்டவில்லை என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அரசாங்க விதைக் கிடங்கில் கிளார்க்காக இருக்கிற தையல்நாயகிக்கா இது தெரியாது? துப்பாக்கி இறங்கியது. எட்டுப் பேரில் ஏழு பேர் அப்பாடா என்று புல்லில் உட்கார்ந்தார்கள். ஆறாவது தடத்தில் நின்ற தையல்நாயகி மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஆறிவிடும். தோசைக்கல் ஆறினால் மறுபடி காய வைத்துக்கொள்ளலாம். இடது தொடை ஆறினால் என்ன செய்வது? "வேர்வை வர்ற அளவுக்கு வார்ம் அப் பண்ணிட்டீங்கன்னா பத்து நிமிஷத்துக்குள்ள ஓடிரணும் மேடம். அதுக்கு மேல ஆச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து" என்று பெனிலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெனிலாவுக்கு இருபத்தாறு வயது, முசிறியில் பிசியோதெரபி பார்க்கிறவள், சிரித்துக்கொண்டே எலும்பை முறுக்குகிறவள். மெதுவாக இரண்டு சுற்று, காலை முன்னும் பின்னும் வீசுவது, முட்டியைத் தூக்கித் தூக்கி நடப்பது, பிறகு நாற்பது மீட்டர் மூன்று தரம், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் வேகமாக. எல்லாம் ஒன்பது பத்துக்கு முடிந்தது. இப்போது ஒன்பது இருபத்திரண்டு. பத்து நிமிஷம் போய் அதற்கு மேல் இரண்டும் போயாயிற்று. விருந்தாளி கைகொடுக்காமல் ஓடக்கூடாது என்று உலகத்தில் எந்த ஊர் விதியில் இருக்கிறது? நம்மூர் விதியில் இருக்கிறது. அவர் கையைத் தொடாமல் ஓடினால் நூறு மீட்டர் தொண்ணூறாகக் குறைந்துவிடும் போல. நெற்றி வேர்வை காய்ந்து உப்பாக இழுத்தது. இன்னும் ஒன்பது நாளில் மகள் தாரணிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நாலு மணி நேரம் நிற்க வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள். இந்தத் தொடை இன்றைக்குக் கிழிந்தால் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சந்தனம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பை ஊன்றிக்கொண்டு. ஊன்றினால் நாத்தனார் என்ன சொல்வாள்? அதை நினைக்கவே வேண்டாம் என்று நினைத்து, அதையே நினைத்தாள்.

நின்ற இடத்திலேயே குதித்தாள். குதித்தால் இடது தொடையின் பின்பக்கம் ஏதோ ஊர்வது போல இருந்தது. ஊர்கிறதா, வலிக்கிறதா, வெறும் எறும்பா? கையை விட்டுத் தடவினாள், எறும்பு இல்லை. எறும்பாக இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாள். இந்தத் தொடைமேல் தப்பே இல்லை என்பதுதான் பெனிலாவின் கட்சி. முதல் நாள் கட்டிலில் குப்புறப் படுக்கப் போட்டு இங்கே அமுக்கி அங்கே அமுக்கிவிட்டு, "உங்க பிட்டத்துத் தசை தூங்குது மேடம். நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து அதுக்கு வேலையே மறந்துபோச்சு. ஓடும்போது அது தள்ள வேண்டியதைத் தொடை தள்ளுது. எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிழிஞ்சிருது" என்றாள். தையல்நாயகிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆபீஸில் பக்கத்து மேஜை ரெங்கராஜன் பதினோரு மணிக்குக் கண்ணை மூடினால் மூன்றரைக்குத் திறப்பார். அவருடைய ரிஜிஸ்டரும் இவள் தலையில்தான். அப்போ நான்தான் தொடை, அவர்தான் அது, என்று நினைத்தவளுக்கு அன்று மருத்துவமனைக் கட்டிலிலேயே சிரிப்பு வந்துவிட்டது, பெனிலா கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பதினாலு மாசம் ரெங்கராஜனை எழுப்பும் வேலை நடந்தது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, ஒரு நாளைக்கு முப்பது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் மடித்துத் தூக்கி இறக்குவது, எட்டு தரம். வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் அதைப் பார்த்துவிட்டு, "மூட்டை அந்த இடத்துலயே இருக்கட்டுமே, எதுக்கு நாயகி தூக்கித் தூக்கி வைக்கிறே?" என்றார். "அடியில பூச்சி இருக்கான்னு பார்க்கிறேன்" என்றாள். எட்டு தரமா? "எட்டுப் பூச்சிங்க." எல்லாவற்றையும்விடக் கொடுமை முட்டி போடுவது. கணுக்காலை பீரோவுக்கு அடியில் செருகிக்கொண்டு, முட்டிமேல் நிமிர்ந்து நின்று, அப்படியே மரம் சாய்கிற மாதிரி முன்னால் சாய வேண்டும், தொடையால் பிடித்துப் பிடித்து, மெதுவாக. முதல் மாசம் ஒவ்வொரு நாளும் தொப்பென்று மூக்குக் குப்புற விழுந்தாள். பீரோ ஆடிப் பாத்திரம் உருண்டது. ஆறாவது மாசம் பாதி வழி வரைக்கும் விழாமல் வந்தாள். பீரோமேல் குலதெய்வம் படம் இருந்ததால் சிவப்பிரகாசம் அதை ஏதோ புது வேண்டுதல் என்று முடிவுகட்டி, தானும் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனுஷர் நல்லவர். நல்லவரிடம் பொய் சொல்வதுதான் கஷ்டம், கெட்டவரிடம் சொன்னால் மனசு உறுத்தாது. விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவதை நடைப்பயிற்சி என்று சொல்லியிருந்தாள். நடைதான், என்ன, கொஞ்சம் வேகமான நடை.

ஆனால் இன்றைக்குச் சொன்ன பொய் அந்த ஜாதி இல்லை. போன வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நட்டார்கள். நட்ட கையோடு நாத்தனார், "கால் நட்டாச்சு. இனிமே கல்யாணம் முடியற வரைக்கும் பெத்தவங்க ரெண்டு பேரும் ஆத்தைத் தாண்டக் கூடாது, ஆமா" என்று சட்டம் போட்டுவிட்டாள். போட்டி குளித்தலையில். முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது காவிரி. வேறு எந்த ஊரில் வைத்திருந்தாலும் தொலைகிறது! "ஆபீஸ் லேடி ஸ்டாஃபுக்குப் பத்திரிகை வைச்சிட்டு வந்துடறேன். நீங்க எதுக்கு வெயில்ல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, பட்டு கலந்த புடவையைக் கட்டி, பையில் பத்துப் பத்திரிகையும் மஞ்சள் குங்குமச் சிமிழும், அடியில் ஓட்ட உடுப்பும் முள் ஷூவும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் பாலத்தில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டால் ஆற்றைத் தாண்டியதாக ஆகாது என்று ஒரு நியாயம் அப்போது தோன்றியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தாரணி நன்றாகச் சமைப்பாள் என்று சொன்னது முதல் எண்ணினால்கூட இன்னும் ஐம்பது தேறாது. தொள்ளாயிரத்து ஐம்பது பாக்கி இருக்கிறதே! மைதானத்துக் குளியலறையில் உடுப்பு மாற்றப் பையைத் திறந்தால் சிமிழ் திறந்துகொண்டு வெள்ளை ஷூ இரண்டும் குங்கும அபிஷேகம். தட்டத் தட்டப் பரவியது. பக்கத்து ஐந்தாவது தடத்து ஜெபமணி, கரூர்ப் பக்கம் போலீஸ் ஏட்டு, முதலில் கேட்டதே "என்னம்மா, ரத்தம்?" என்றுதான். போலீஸ் கண்ணுக்குப் பொய் சொன்னால் மேற்கொண்டு விசாரணை வரும் என்று பயந்து, "கல்யாண வீட்டுக் குங்குமங்க" என்று சொல்லி, சொன்ன வேகத்தில் ஒரு பத்திரிகையையும் எடுத்து மஞ்சள் தடவி நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் ஒரு பெரிய நிம்மதி வந்தது. பத்திரிகை வைக்கப் போகிறேன் என்றாள், வைத்தாயிற்று. பொய்யில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ருசியில் இரண்டாவது தடம், மூன்றாவது தடம், நெஞ்சில் எண் குத்திவிட்ட அம்மாள், பேர் கூப்பிட்ட அம்மாள், டீ கொடுத்த அம்மாள் என்று மளமளவென்று, ஜெபமணியோடு சேர்த்து ஆறு பேருக்கு வைத்துவிட்டாள். இன்னும் நாலு இருக்கிறது. நாலையும் வைத்துவிட்டால் முழு உண்மை.

ஒன்பது முப்பது. "உட்காருங்கம்மா, எதுக்கு இப்பவே குதிச்சுக் குதிச்சு பேட்டரிய இறக்குறீங்க?" என்றாள் ஜெபமணி. "இல்லைங்க, ஆறிடும்" என்றாள். ஆறித்தான் போயிருந்தது. கைவிட்டுப் பார்த்தால் தொடை, சொல்லாமல் கொள்ளாமல், வெறும் தொடையாக ஆகிக்கொண்டிருந்தது. இப்படித்தான் போன தரமும். போன தரம் என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்பு, டிபார்ட்மென்ட் விளையாட்டு விழாவில். இரண்டு வடை தின்றுவிட்டு, சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளை "நாயகி மேடம் காலேஜ்ல ஓடினவங்க" என்று இழுத்துவிட்டார்கள். சூடேற்றாமல், நீட்டாமல், வடையோடு ஓடினாள். எழுபது மீட்டரில் முன்னால் ஓடியவளை எட்டிப் பிடிக்க காலை எட்டி வைத்தாள். டப். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி. திரும்பிப் பார்த்தாள்கூட, யார் அடித்தது என்று. அதற்கும் முன்னால், பத்தொன்பது வயதில், திருச்சியில் காலேஜ்களுக்கு இடையே நடந்த இறுதிப் போட்டியில், அறுபது மீட்டரில், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது, அதே தொடை, அதே டப். அன்று யாரும் முன்னால் இல்லை, கோடுதான் முன்னால் இருந்தது, கோட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். ஆக ஐம்பத்தோரு வயசில் தையல்நாயகி உருப்படியாக ஒரு நூறு மீட்டரை இரண்டு காலாலும் ஓடி முடித்ததே கிடையாது, பெரிய ஓட்டம் என்று வந்தவற்றில். ஒன்று அறுபது, இன்னொன்று எழுபது. கூட்டினால் நூற்று முப்பது, ஆனால் கூட்டி யார் மெடல் தருகிறார்கள்? "எட்டி வைக்கிறதுதான் மேடம் உங்க வியாதி" என்று பெனிலா செல்போனில் இவள் ஓடுவதைப் படம் பிடித்துக் காட்டினாள். "பாருங்க, கால் உடம்புக்கு ரெண்டு அடி முன்னாடி போய் விழுது. அது ஓட்டம் இல்ல, பிரேக்கு. பாதம் இடுப்புக்கு நேர் கீழ விழணும். தரையைப் பின்னால தள்ளுங்க, முன்னால எதையும் பிடிக்கப் போகாதீங்க." படத்தில் ஓடிய அந்த அம்மாளைப் பார்த்தால், ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது. அப்புறம் கை: விரலுக்கு நடுவில் அப்பளம் வைத்திருப்பதாக நினைக்க வேண்டும், உடையவும் கூடாது, விழவும் கூடாது. தாடை தொங்க வேண்டும். தோள் காதுக்கு ஏறக் கூடாது. வேகமாக ஓடு ஆனால் பதறாதே என்றால் என்ன அர்த்தம், கல்யாண வேலையை ஒன்பது நாளில் முடி ஆனால் பதறாதே என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா? பேசாமல் போய்விடலாம். கால் சுளுக்கிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். புடவையை மாற்றிக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியான ரசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தொடையும் தப்பும், கல்யாணமும் தப்பும். நினைக்க நினைக்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அது நல்ல யோசனையாக இருந்ததுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

"யாரு அந்தப் பெரிய மனுஷன், இவ்வளவு நேரம் காக்க வைக்கிறாரு?" என்று மூன்றாவது தடம் கேட்டது. ஜெபமணி கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு எதிர்க்கோடியில் பந்தல் பக்கம் கட்டியிருந்த பேனரைப் படித்தாள். தையல்நாயகி அதை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் ஓடும்போது மூக்குக்கண்ணாடி போடுவதில்லை, அதனால் பேனரில் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு மீசையும் மட்டும் இருப்பது தெரிந்தது. அது எல்லாப் பேனரிலும் இருப்பதுதானே. "சமூக சேவகர், பாத்திர வணிகர், தொட்டியம் திரு. வேலாயுதம் அவர்கள்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள் ஜெபமணி. தையல்நாயகி குதிப்பதை நிறுத்தினாள். தொட்டியத்தில் எத்தனை வேலாயுதம் இருந்தாலும் பாத்திரக்கடை வேலாயுதம் ஒருத்தர்தான், அவர் தாரணிக்கு மாமனார் ஆகப் போகிறவர். சம்பந்தி. நிச்சயதார்த்தத்தில் தாம்பாளம் மாற்றிக்கொண்டவர். "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு அடக்க ஒடுக்கமா இருந்தாப் போதும்" என்று சொன்னவர், அதற்கு இவள் "எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தாங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த எல்லாரிலும் முதல் ஆள் இப்போது முட்டிக்குக் கீழே இறங்காத கால்சட்டையும் நெஞ்சில் 114 என்ற எண்ணுமாக, சிவப்பு ஷூவோடு, ஆற்றைத் தாண்டி வந்து நின்றுகொண்டிருக்கிறாள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மடியே இல்லாத உடுப்பில் இவ்வளவு பயம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. தொடை ஒன்றுக்குத்தான் இவ்வளவு நேரம் பயந்தோம் என்று நினைத்தாள், அந்தப் பயம்கூட இப்போது பழகிய சொந்தக்காரர் மாதிரி இருந்தது. போய்விட வேண்டும் என்று பையைத் தேடித் திரும்பினாள், அதற்குள் ஒரு கார் புழுதியோடு மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றுவிட்டது. வாசல் பக்கமாகத்தான் வந்தது. போனால் அவர் முன்னால்தான் போக வேண்டும்.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "ரெண்டே வார்த்தை" என்றார். தையல்நாயகிக்கு அந்த ரெண்டே வார்த்தையைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. நிச்சயதார்த்தத்திலும் ரெண்டே வார்த்தைதான், சாப்பாடு ஆறிவிட்டது. சாப்பாட்டை ஆறவைத்த பேச்சு இன்றைக்குத் தொடையைச் சூடேற்றும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் மரியாதைக்கு எழுந்து பந்தல் பக்கம் பார்த்து நிற்க, இவள் மெதுவாகப் பின்வாங்கி, வேப்பமரத்துக்குப் பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மெல்லோட்டம். கால் வீச்சு. "நமது பெண்கள் அடுப்படியிலேயே அடைந்து கிடக்கக் கூடாது" என்றது ஒலிபெருக்கி. முட்டி தூக்கல், வலது, இடது, வலது. "அவர்கள் ஓட வேண்டும், ஆட வேண்டும்." நாற்பது மீட்டர், பாதி வேகம். "நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் வீராங்கனையாக மாற வேண்டும் என்பதுதான் என் அவா." நாற்பது மீட்டர், முக்கால் வேகம். பேசுங்கண்ணே, இன்னும் ஒரு ஐந்து நிமிஷம் பேசுங்க, என்று வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மேடைப் பேச்சு நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். வேர்வை மறுபடி வந்தது. தொடையைத் தட்டினால் கதகதப்பாக இருந்தது, ஊர்வது நின்றிருந்தது. பிறகு அவர் காரில் ஏறி நூறு மீட்டர் வந்து இறங்கி, முதல் தடத்திலிருந்து கைகொடுக்க ஆரம்பித்தார். கூடவே ஒரு போட்டோக்காரர் பின்பக்கமாக நடந்து வந்தார். ஆறாவது தடத்துக்குள் ஏதாவது நடக்க வேண்டும், மழையாவது பெய்ய வேண்டும். மழை பெய்தால் ஓட்டம் தள்ளிப்போகும், தொடை ஆறிவிடும், வேண்டாம் மழை. நாலாவது தடம். அவர் கையில் நவரத்தின மோதிரம் மின்னியது. ஐந்தாவது தடத்து ஜெபமணி கைகொடுப்பதற்கு முன் பழக்கத்தில் சல்யூட்டே அடித்துவிட்டாள். தையல்நாயகி ஷூ நாடாவைக் கட்டுவதாகக் குனிந்துகொண்டு கையை மட்டும் மேலே நீட்டினாள். ஒரு கை வந்து அந்தக் கையைப் பிடித்தது, பிடித்தபடியே இருந்தது. கீழேயிருந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். சம்பந்தி அவளைப் பார்க்கவேயில்லை. கைதான் இவளிடம் இருந்தது, முகம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, இதற்கு முன் ஐந்து பேரிடமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "வாழ்த்துக்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் ஏழாவது தடத்துக்குப் போய்விட்டார்.

தப்பித்தோம் என்று நிமிர்ந்தவளுக்கு நிமிர்வதற்குள்ளேயே புரிந்துவிட்டது, தப்பிக்கவில்லை. போட்டோ. மனுஷன் இதை இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்புவார், ஸ்டேட்டஸில் வைப்பார், தாரணி பார்ப்பாள், நாத்தனார் பார்ப்பாள், சிவப்பிரகாசம் பூச்சி பார்த்த மூட்டையை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். சரி. எப்படியும் தெரியத்தான் போகிறது. தெரியத்தான் போகிறது என்றால் எப்படித் தெரிய வேண்டும், நொண்டிக்கொண்டா, நடந்தா? அவ்வளவுதான் இனி பாக்கி, வேறு எதுவும் இவள் கையில் இல்லை. இவள் காலில்தான் இருக்கிறது. துப்பாக்கி வெடித்தது. குனிந்து கிளம்ப வேண்டாம், நின்றபடியே கிளம்புங்கள் என்று பெனிலா சொன்னபடி நின்று சாய்ந்து தள்ளினாள். தள்ளு. தள்ளு. முதல் இருபது மீட்டரில் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள், போகட்டும், ரெங்கராஜன், எழுந்திருங்க, உங்க ரிஜிஸ்டர் இது, எழுந்திருங்க, எழுந்துவிட்டார், அம்மாடி, என்ன தள்ளு தள்ளுகிறார்! முப்பது, நாற்பது, அப்பளம் உடையக் கூடாது, இரண்டாவது தடத்தைத் தாண்டியாயிற்று, அவளுக்குப் பத்திரிகை வைத்திருக்கிறோம், தாண்டியது தப்பில்லையே, வருவாள், தாடையைத் தொங்கவிடு, காற்று வாய்க்குள் போய் வயிறு வரை குளிர்ந்தது. ஐம்பது. அறுபது வருகிறது. அறுபதில் ஒரு பத்தொன்பது வயசுப் பெண் தரையில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அவளைத் தாண்டு, அவளை மிதிக்காதே, தாண்டு. எழுபது. எழுபதில் யாரோ கல்லை ஓங்குகிறார்கள். முன்னால் ஜெபமணியின் முதுகு, ஒரு கை தூரம், ஒரே ஒரு எட்டு எட்டி வைத்தால், ஒரே ஒரு எட்டு. கால் தானாகக் கிளம்பியது எட்டுவதற்கு. வேண்டாம்டி. கீழே வை. உனக்குக் கீழே வை. வைத்தாள். முதுகு கொஞ்சம் தள்ளிப் போனது, போகட்டும், போலீஸ்தானே, பிடித்தால்தான் வம்பு. எண்பது. கல் விழவில்லை. தொண்ணூறு, இந்த இடத்துக்கு அவள் வந்ததே இல்லை, இங்கே புல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. கோடு காலுக்கு அடியில் போனது. போனதுகூடத் தெரியாத மாதிரி போனது.

நாலாவது. நாலாவதுக்கு மெடல் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. நிற்கக் கூடாது. கோட்டில் சடக்கென்று நின்றால்தான் பாதிப் பேருக்குக் கிழியும், முப்பது மீட்டராவது ஓடி ஓடிக் குறைக்கணும் என்பதும் பெனிலா சட்டம். ஓடி ஓடிக் குறைத்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது, கண்ணாடியும் இல்லை, முப்பது மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே குறைத்து, ஒரு பந்தலுக்குள் புகுந்து, ஒரு நாற்காலியின் முன்னால் வந்து சரியாக நின்றாள். காரில் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த வேலாயுதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பக்கத்தில் கேமரா இல்லாததால் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி… நீங்களா?"

"வாங்கண்ணே" என்றாள் தையல்நாயகி, மூச்சு வாங்கிக்கொண்டே. வீட்டுக்கு வந்தவரைச் சொல்வது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் எழுந்தார். அவள் எண்ணைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலா பக்கமும் பார்த்தார். இளநீரை நாற்காலியில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நான் இங்க வந்தது நம்ம வீட்ல தெரிய வேண்டாம். எங்க வீட்லயும் கால் நட்டாச்சு. ஆத்தைத் தாண்டுனேன்னு தெரிஞ்சா உங்க சம்பந்தியம்மா என்னை உரிச்சிருவா. மண்டபத்துல லைட் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பேனர்ல பேரு போட்டுட்டாங்க, வராம இருக்க முடியல."

தையல்நாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தன் இரண்டு கால்மேலும் சமமாகத் தான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது, பிறகு அழுகை வந்தது. மூன்றையும் சம்பந்தி முன்னால் செய்ய முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, போட்டோ!" என்று வேலாயுதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. போட்டோக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஆறாவதா இந்தம்மாவோட எடுத்தியே, அதை மொதல்ல அழிச்சிரு. ரெண்டு பேருக்கும் வம்பு."

போட்டோக்காரர் தலை நரைத்தவர், எத்தனையோ பேர் அழிக்கச் சொல்லிக் கேட்டவர். நிதானமாகக் கேமராவைத் திருப்பிக் காட்டினார். "அம்மா முகமே விழலைங்க. குனிஞ்சிட்டாங்க. கால் ரெண்டும்தான் பளிச்சுன்னு விழுந்திருக்கு."

தையல்நாயகி கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு மீசை எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, குங்குமம் அப்பிய ஷூவில், இரண்டு கால். ஓடுவதற்கு முன்னால் எடுத்தது. இப்போதும் அவை அப்படியேதான் இருக்கின்றன.

"அழிக்காதீங்க. எனக்கு ஒரு பிரின்ட் வேணும். கல்யாண ஆல்பத்துல ஒட்டுற சைஸ்ல."

"ஐயோ தங்கச்சி, அதுல நான் இருக்கேனே!"

"உங்களை வெட்டிடச் சொல்றேண்ணே. அந்தக் கை மட்டும் இருக்கட்டும்." பிறகு, மரியாதைக் குறைவாகப் போய்விடக் கூடாதே என்று, "நம்ம வீட்டுப் பொண்ணுங்க ஓடணும்னு மைக்ல நல்லாப் பேசுனீங்கண்ணே. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். அவர் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வேப்பமரத்தடிக்கு நடந்து போய்ப் பையை எடுத்து வந்தாள். வலது, இடது, வலது, இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன. மிச்சமிருந்த நாலு பத்திரிகையில் ஒன்றை எடுத்து, சிமிழில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் மஞ்சளை மூலையில் தடவி, போட்டோக்காரரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடும்பத்தோட வந்துரணும். நான் வாசல்லயேதான் நிப்பேன்."